வெள்ளைக் கோப்பையில் தெரிந்த சிவப்பு

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் உள்ள நமது பீங்கான் பட்டறையின் தரம் பார்க்கும் மேசையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்திருந்து, இன்று அதைவிட்டு எழும் பாஞ்சாலை அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உள்ளம் திறந்து படித்தளிக்கும் மடல்

ஐயத்தையே அணிகலனாய்ப் பூண்டவரே! விரிசலின் விரோதியே! சூளை சுட்டுத் தந்ததைச் சும்மா நம்பாதவரே! ஓசையில் உண்மை கேட்டு, ஒளியில் உட்குறை பார்த்து, ஓட்டை உடைசலை ஒருபோதும் ஊருக்கு அனுப்பாத உத்தமியே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இதைப் படிக்கும் ராஜாங்கம் ஏதாவது ஒரு வரியைத் தாண்டிவிடுகிறாரா என்று நீங்கள் இப்போதே கவனிக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தாண்டமாட்டார். சட்டம் போட்டுக் கையில் கொடுத்த பிறகு, வீட்டுக்குப் போய்ப் பின்னட்டையைக் கழற்றி, வாசித்ததும் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பீர்கள் என்பதும் தெரியும். அதற்கு வசதியாக ஆணி அடிக்காமல் கொக்கி வைத்தே சட்டம் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

சந்தேகம் மற்றவர்களுக்குக் குணக்கேடு. உங்களுக்கு அது வேலை. டீக்கடையிலிருந்து வரும் டீயில் தண்ணீர் கூடியதை முதல் மடக்கிலேயே பிடித்தவர் நீங்கள். பெண்ணாடம் பஸ் நான்கு நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறது என்று கண்டக்டரிடம் வாதாடி, அவர் கைக்கடிகாரத்தைத் திருத்த வைத்தவரும் நீங்களே. பழமலைநாதர் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். சாமி அதற்காகக் கோபித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் மேசைக்கு வந்த ஜாடியோ, பியூஸ் கட்டையோ, டீக்கோப்பையோ, முதலில் விரல் முட்டியால் தட்டப்படும். கணீர் என்றால் பிழைத்தது, மொத்தென்றால் போயிற்று. ஆனால் கணீர் என்று ஒலித்ததையும் நீங்கள் விட்டதில்லை. சிவப்பு மையைத் துணியில் தொட்டு அதன்மேல் தடவுவீர்கள், துடைப்பீர்கள், சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் மை அங்கே மட்டும் தங்கி நிற்கும். உடனே சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பொருள் கழிவுக் கூடைக்குப் போய்விடும். தவறாகக் கழித்துவிட்டால் அந்தக் குறியின்மேல் போடுவதற்கென்று ஒரு நீலப் பென்சிலும் உங்கள் மேசை இழுப்பறையில் உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் அது முனை சீவப்படாமலே கிடந்தது.

அந்தப் பென்சில் சீவப்பட்ட கதையைத்தான் இந்த மடலில் எழுத விரும்பினோம். உங்கள் மற்றப் பெருமைகளை ஊரறியும். இது நடந்தபோது நீங்கள் அறியாத பாதியும் உண்டு. அந்தப் பாதியைக் கொளஞ்சிநாதன் எங்களிடம் சொல்ல ஓராண்டு ஆயிற்று.

நம் சூளைக்காரர் கொளஞ்சிநாதன் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவராக இருந்தார். ஆனாலும் தன் பல்லைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். பல் விளக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை என்பார். ரத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், தன் ஈறைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார். பர்னர் இரைச்சலில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்பதால், கீழ்ப்பல்லில் நாக்கை அழுத்தி அவர் அடிக்கும் சீழ்க்கைதான் இந்தப் பட்டறைக்கு மணியோசை. ஒன்று என்றால் சூளைப் பக்கம் வராதே. இரண்டு என்றால் கதவு திறக்க வா.

சென்ற ஆண்டு தை மாதம் ராஜாங்கம் பெண்ணாடத்திலிருந்து ஒரு கட்டு கரும்பு கொண்டுவந்தார். கொளஞ்சிநாதன் ஒரு கழியை வாங்கிக் கடித்தார். கரும்பு வளையவில்லை, கீழ்வரிசை முன்பல் இரண்டும் வளைந்தன. அவர் கழியை மெல்ல வாயிலிருந்து எடுத்து, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மறுநாள் அவர் சீழ்க்கை அடித்தபோது வெறும் காற்றுதான் வந்தது. பீங்கானுக்கு மெருகுப்பூச்சுப் பூசும் கயல்விழி கிளேஸ் வாளியோடு சூளை வாய்வரை போய்விட்டாள். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரால் பல்லை மறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜங்ஷன் ரோட்டில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் பூர்ணிமா மெல்லிய கம்பி ஒன்றால் அவர் ஈறின் ஆழத்தை அளந்தார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தது. ஈறை மரக்கவைத்து, உள்ளே வேர்வரை படிந்திருந்த பற்காரையை நான்கு தடவையாகச் சுரண்டி எடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பதாகவும், பள்ளம் சுருங்கியிருந்தால் பல் நிற்கும், இல்லையென்றால் அந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பீடியை விடாவிட்டால் தான் செய்த வேலையில் பாதி வீண் என்றார். புகை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், புண் ஆறுவதற்கு வேண்டியதை ரத்தம்தான் கொண்டுவரவேண்டும், அது வராத இடத்தில் ஈறு எப்படி ஒட்டும் என்று கேட்டார்.

கொளஞ்சிநாதன் நேராக உங்கள் மேசைக்கு வந்தார். கடைசித் தடவை சுத்தம் செய்த மரப்பு இன்னும் போகாத வாயோடு, இனிமேல் தொடுவதில்லை என்று சொன்னார். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சாட்சி யார் என்று கேட்டீர்கள்.

அன்றிலிருந்து இந்தப் பட்டறையே உளவுத்துறையாக மாறியதை மறைக்க முடியாது. அவர் ஐந்து நிமிடம் காணவில்லை என்றால் கழிவறைப் பக்கம் ஒருவர் போனார். பெட்டிக்கடையில் அவர் கிராம்பு வாங்கியதைக் கயல்விழி பார்த்துவிட்டு, வாசனையை மறைக்கத்தான் கிராம்பு என்று வந்து சொன்னாள். நீங்கள் முகர்ந்து பார்த்தீர்கள். ஆனால் சூளையில் நிற்கிறவர் சட்டையில் எப்போதும் டீசல் புகைதான். அதற்கடியில் பீடி வாசனை இருக்கிறதா என்று உங்கள் மூக்கால்கூடப் பிரித்தறிய முடியவில்லை. அதனால் மூக்கை நம்புவதை விட்டு, தேறிய அடுக்கிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தீர்கள்.

சுத்தம் செய்த கசிவெல்லாம் நின்ற பிறகு, தினமும் காலையில் குழாயடியில் பல் விளக்கி அந்தக் கோப்பையில் துப்பச் சொன்னீர்கள். கொளஞ்சிநாதன் மறுக்கவில்லை. அவமானமாக இருந்ததாம், ஆனால் வாக்குக் கொடுத்தவன் கோப்பைக்குப் பயந்தான் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தாராம். நான்கு வாரம் கோப்பை வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் வாரம் நுரையில் சிவப்பு நூல் ஓடியது. மறுநாளும் ஓடியது. மூன்றாம் நாள் நுரையே சிவந்திருந்தது.

டீ நேரம். எல்லாரும் நின்றிருந்தோம். நீங்கள் கோப்பையைச் சன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தீர்கள்.

"ஏம்பா கொளஞ்சி, இது இன்னா?"

"ரத்தம்க்கா."

"எதுக்கு வருது?"

"தெரியலியே."

"எனக்குத் தெரியும். ஆறாத புண்ணுதான் கசியும். ஊதறவன் புண்ணுதான் ஆறாது. ஒங்க டாக்டரம்மா சொன்னதுதானே."

தன் பிள்ளைகள் மேல் சத்தியமாகத் தொடவில்லை என்றார் அவர்.

"புள்ளைங்கள எதுக்கு இழுக்குற. கோப்ப பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டு, அதைக் கழுவி, அதன் வயிற்றில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, அவர் தினமும் பார்க்கும் இடத்தில், சூளை வழி அலமாரியில் கவிழ்த்து வைத்தீர்கள். அக்கா, அன்று நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சிவப்பு தெரிந்தால் கழிவு என்றே பழகிவிட்ட கண்கள் எங்களுடையவையும்தான்.

இனி நீங்கள் அறியாத பாதி. அன்று மாலை கொளஞ்சிநாதன் வீட்டுக்குப் போகவில்லை. ஜங்ஷன் பெட்டிக்கடையில் ஒரு கட்டு பீடி வாங்கினார். குடிக்காமலே குடித்தவன் என்ற பேர் வந்துவிட்டது, இனி குடித்தால் என்ன என்று தோன்றியதாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளே இருந்தது. இருபது வருடம் ஊதியபோது வராத ரத்தம், விட்ட பிறகு வருகிறதே. டாக்டர் ஏமாற்றிவிட்டாரோ, சுரண்டக் கூடாத இடத்தில் சுரண்டிவிட்டாரோ, பீடிதான் இத்தனை நாள் பல்லைக் காப்பாற்றி வைத்திருந்ததோ என்று சந்தேகம். நீங்கள் அவரைச் சந்தேகப்பட்டீர்கள்; அவர் டாக்டரைச் சந்தேகப்பட்டார்.

ரயில்வே கேட் பக்கம் நின்று ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டி வேறு கையில். பழக்கத்தில் கீழ்ப்பல்லால் பீடியின் வாயைக் கடித்தார். கடித்ததும் நின்றுவிட்டார். எப்போதும் அந்த இடத்தில் பல் ஒதுங்கிக் கொடுக்கும். அன்று ஒதுங்கவில்லை. மறுபடி கடித்துப் பார்த்தார். பீடியை எடுத்துவிட்டு, நீங்கள் பியூஸ் கட்டையைத் தட்டுவதுபோல நகத்தால் பல்லைத் தட்டினார். ஆடாத பல்லின் ஓசை வேறு என்பது சூளைக்காரருக்குத் தெரியும்தானே. ரத்தம் எதனால் என்று அப்போதும் தெரியவில்லை. ஆனால் பல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடித்த பீடியைக் கட்டிலேயே திரும்பச் சொருகிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். காலையில் பர்னர் வாயில் போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். மறந்துபோய்விட்டார்.

மறுநாள் ஆணியில் தொங்கிய அவர் சட்டையின் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்ததைக் கயல்விழி பார்த்துச் சொல்ல, நீங்கள் எழுந்து போய்க் கையைவிட்டு எடுத்தீர்கள். அடுத்தவர் பையில் கைவிட்டது சரியில்லை. அதை நாங்கள் இன்றும் சரி என்று எழுதமாட்டோம். ஆனால் எடுத்த பிறகு நீங்கள் செய்ததை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். கத்தவில்லை. மேசைக்குக் கொண்டுவந்து, கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். இருபத்தைந்து. ஒன்றில்கூட நுனி கருகவில்லை. ஒன்றில் மட்டும் பல் பதிந்த தடம். அதைச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பற்றவைக்காத பீடி ரத்தம் வரவைக்காது. அப்படியென்றால் சிவப்பு எங்கிருந்து வந்தது? அன்றுதான் உங்கள் சந்தேகம் முதல்தடவையாக உங்கள் சோதனையின் மேலேயே திரும்பியது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டர் பூர்ணிமாவிடம் போனீர்கள். நோயாளியின் வாயைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்து எதுவும் சொல்லமுடியாது, ஆளைக் கூட்டிவாருங்கள் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆளோ உங்களோடு பேசுவதில்லை. அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நீங்கள் போய் நின்றபோது, அவர் மனைவி வீராயி கதவைப் பாதிதான் திறந்தார்.

"வாங்கக்கா. சண்ட போட வந்தீங்களா, சாப்புட வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல. ஒம் புருசன ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போக வந்தேன்."

உள்ளேயிருந்து கொளஞ்சிநாதன், அங்கே போனால் டாக்டர் வாயைச் சோதிப்பாரா, தன் சட்டைப்பையைச் சோதிப்பாரா என்று கேட்டார். வாசலிலேயே நின்றீர்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்வரை நின்றீர்கள்.

டாக்டர் அவர் பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியால் உள்பக்கம் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னார்: "பீடி குடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தக் குழா சுருங்கியே இருக்கும். உள்ள கெட்டுக்கிட்டே இருந்தாலும் வெளிய ரத்தம் காட்டாது. இவருக்கு இருவது வருசமா ரத்தம் வராததுதாம்மா வியாதி. இப்ப விட்டுட்டாரு, ரத்த ஓட்டம் திரும்புது, அதனால கொஞ்ச நாளு கசியும். பயந்துக்கிட்டு பிரஷ்ஷ நிறுத்தக் கூடாது. நல்லா சுத்தமா வச்சிருந்தா அடங்கிடும்."

நீங்கள் நம்பிவிடவில்லை. "நீங்க இவனுக்கு சொந்தமா?" என்று கேட்டீர்கள்.

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்தத்தை மட்டும் வைத்து ஒருவர் குடித்தார் என்றும் சொல்லமுடியாது, குடிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது என்றார். பிறகு கண்ணாடியை உங்கள் பக்கம் திருப்பிப் பல்லின் பின்புறத்தைக் காட்டினார். சுரண்டி எடுத்த பீடிக்கறை ஆறு வாரத்தில் ஒரு புள்ளிகூடத் திரும்பியிருக்கவில்லை. கறை என்றால் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, வெளிச்சத்தில் நீங்களே பார்த்தீர்கள். கொளஞ்சிநாதன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் உங்கள் முகம் மாறியதைத் தான் மட்டும்தான் கண்டதாக இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் டீ நேரத்தில் நீங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து நீலப் பென்சிலை எடுத்தீர்கள். சீவுவதற்கு எதுவும் இல்லை. ராஜாங்கம் அச்சு மண் சீவும் தகட்டால் சீவிக் கொடுத்தார். எல்லார் முன்னாலும் சிவப்புக் குறியின்மேல் நீலத்தில் ஒரு சரி போட்டு, கோப்பையைக் கொளஞ்சிநாதன் கையில் கொடுத்தீர்கள்.

"சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்பு கேக்கமாட்டேன்," என்றீர்கள். "ஒரு தடவ சந்தேகப்பட்டுட்டு நிறுத்திட்டேன் பாரு, அதுக்குக் கேக்குறேன்."

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து போடலியேக்கா," என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீங்கள் மட்டும் சிரிக்காமல், கோப்பையைத் திரும்ப வாங்கி, குறிக்கு அடியில் கையெழுத்துப் போட்டீர்கள்.

மூன்றாம் மாத அளவில் ஏழாக இருந்த பள்ளம் நான்கானது. பக்கத்துப் பல் ஆறிலிருந்து ஐந்துக்குத்தான் வந்திருக்கிறது; அதை டாக்டர் இன்னும் நம்பவில்லை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். எதையும் முழுதாக நம்பாத ஒருவர் ஜங்ஷன் ரோட்டிலும் இருக்கிறார் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ரத்தக் கசிவு அடங்கிவிட்டது. பல் இரண்டும் அவர் வாயிலேயே இருக்கின்றன. சீழ்க்கை திரும்பிவிட்டது. ராஜாங்கமும் தன் பீடியைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார். அதற்கு இதுவரை எந்தக் கோப்பையும் வைக்கப்படவில்லை. நாளை முதல் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்பதை மட்டும் அவர் வாயாலேயே இங்கே படிக்க வைக்கிறோம்.

எங்கள் அக்கா, குறை கண்டால் கோபிப்பவர் பலர், குறை கண்டு கூடையில் போடுபவர் சிலர். தான் கண்ட குறையே குறையாக இருக்குமோ என்று பஸ் ஏறிப் போய்க் கேட்டு வருபவரை இந்தப் பட்டறை உங்களிடம்தான் கண்டது. உங்கள் கண் மங்காதிருக்கட்டும். உங்கள் காது தளராதிருக்கட்டும். காய்கறிக்காரர்களும் கண்டக்டர்களும் உங்களுக்குப் பயந்து நேர்மையாக நடந்துகொள்ள, பேரப்பிள்ளைகள் உங்களை ஏமாற்ற முயன்று தோற்றுக்கொண்டேயிருக்க, நூறாண்டும் அதற்கு மேலும் நோயில்லாமல் சந்தேகப்பட்டுக்கொண்டிருங்கள்.

இம்மடலோடு அந்த வெள்ளைக் கோப்பையை உங்களுக்குத் திருப்பித் தருகிறோம். பென்சில் குறி அழிந்துவிடும் என்பதால், சிவப்புப் பெருக்கலையும் நீலச் சரியையும் உங்கள் கையெழுத்தையும் அதே இடத்தில் கிளேஸின்மேல் எழுதும் நிறத்தில் கயல்விழி வரைந்தாள். கொளஞ்சிநாதன் நேற்று அதை எண்ணூறு டிகிரியில் சுட்டெடுத்தார். அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் மிஞ்சாது. சந்தேகமிருந்தால் டாக்டர் பூர்ணிமா முன்வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

மடல் இங்கே முடிகிறது, ஆனால் யாரும் கைதட்ட வேண்டாம். கோப்பை உங்கள் கைக்கு வந்திருக்கிறது. தட்டிப் பாருங்கள் அக்கா. அது கணீர் என்று ஒலித்தால் கொளஞ்சிநாதன் இரண்டு சீழ்க்கை அடிப்பார், கதவு திறக்கலாம் என்று. அதற்குப் பிறகுதான் கைதட்டல்.

இப்படிக்கு,
நீங்கள் கழித்ததும் நீங்கள் விட்டதும் ஆகிய அனைத்துக்கும் பொறுப்பான,
அச்சுப் பிரிவு ராஜாங்கம், கிளேஸ் பிரிவு கயல்விழி,
ஓராண்டும் இரண்டு மாதமும் தொடாத சூளைப் பிரிவு கொளஞ்சிநாதன்,
மற்றும் பட்டறைத் தொழிலாளர்கள் அனைவரும்.